பேரெழுதின அடுப்பு

திருவனந்தபுரம் சாலை பஜாரில் பாத்திரக்கடை வரிசையில் நின்று, வாயால் விற்கிறவன் யார் என்று எந்தப் பெண்ணிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், பிச்சையாவைக் கை காட்டிவிடுவாள். என்ன வாய் அது! இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்து அடியில் விரலால் ஒரு சுண்டு சுண்டி, "சேச்சி, ஈ சத்தம் கேட்டோ?" என்று மலையாளத்தில் ஆரம்பித்தான் என்றால் தீர்ந்தது. சும்மா விலை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தவள், கொப்பரையும் அதற்குத் துணையாக ஒரு கரண்டியும் வாங்கிக்கொண்டு, வீட்டில் என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடியே பஸ் ஏறுவாள்.

அப்பேர்ப்பட்ட வாய்க்குத்தான் ஒரு பெண்ணைக் கண்டால் பூட்டு விழுந்தது. யாரை எங்கே அடித்தால் வலிக்கும் என்று கடவுளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

முப்பத்தாறு வயசு. ஆள் ஒன்றும் மோசமில்லை. தலையில் முடி இருக்கிறது, வாயில் வெற்றிலை பாக்கு கிடையாது, சாயங்காலம் கடை அடைத்தால் நேரே வீடு. வீடு வலியசாலைக் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா முத்தாரம்மாளும் இவனும்தான். சுசீந்திரம் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் பிழைக்க வந்த குடும்பம். அந்தத் தாத்தாவின் பேரைத்தான் இவனுக்கு வைத்தார்கள். வைத்தவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். மலையாளம் மீடியத்தில் சார் ஒவ்வொரு நாளும் ஆஜர் எடுக்கும்போது "பிச்சையா" என்று கூப்பிடுவார், பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன் கையை நீட்டி "அம்மா, தாயே" என்பான், வகுப்பு மொத்தமும் சிரிக்கும். பத்து வருஷம் இந்தச் சிரிப்பைக் கேட்டவன் தன் பேரைத் தானாக யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டான். பேரைச் சொல்லாமல் எங்கே பேச்சைத் தொடங்குவது? அதனால் பேச்சையும் விட்டுவிட்டான். கடைப்பேச்சு வேறு, கடையில் பேரா முக்கியம், சேட்டன் என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டால் போதும்.

போதாததற்கு வீட்டுப் பழக்கம் வேறு. அந்த வீட்டில் யாரும் எதையும் நேராகக் கேட்டுக்கொள்வது கிடையாது. மகனுக்குக் கல்யாணம் நடக்கவில்லையே என்று முத்தாரம்மாளுக்கு உள்ளுக்குள் கொதிக்கிறது, ஆனால் வாயைத் திறந்து "ஒனக்கு மனசுல யாராவது இருக்காளாடே?" என்று ஒரு நாள் கேட்டதில்லை. "கீழத்தெருவுல வேலாயுதன் மகனுக்கு இப்பம் ரெண்டாவது பிள்ள, கேட்டியா" என்று சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்வாள். அவன் "ஓ" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்பான். அவ்வளவுதான் பேச்சு.

அந்தப் பெண்ணின் பேர் திவ்யலட்சுமி. பாத்திரக்கடைக்கு நேர் எதிரே இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அந்தப் பேர் இவனுக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் கழுத்தில் தொங்குகிற அட்டையில் படித்தது. கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் கடை திறந்ததும் கண்ணாடிப் பிரேம்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைப்பது அவள் வேலை. துடைக்கிறவள் சும்மா துடைக்க மாட்டாள். நடுவில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, ஹெட்மாஸ்டர் மாதிரி தாடையை இழுத்து முறைத்துத் தன்னைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டு, யாராவது கவனித்தார்களா என்று திரும்பிப் பார்த்து, ஒன்றும் நடக்காத மாதிரி கழற்றி வைப்பாள். ஒருத்தன் கவனித்துக்கொண்டுதான் இருந்தான். எதிர்ப்பக்கம் அலுமினியப் பானை அடுக்குக்குப் பின்னால் நின்று, இன்றைக்கு எந்தப் பிரேம் என்று பார்க்காமல் அவனுக்கு அன்றைய வியாபாரமே ஓடாது.

பேச வாய்ப்பு வராமலா போயிற்று? வந்தது. வலிய வந்தது. போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் ஹாஸ்டல் அறைக்குப் பால் காய்ச்ச ஒரு சின்னப் பாத்திரம் வேண்டும் என்று அவளே படியேறி வந்தாள். இவன் அப்போது போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். அவன் போனை வைத்ததும் முகம் மலர்ந்து, "நீங்க தமிழா? எங்க ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கே. நான் நாகர்கோயில், பார்வதிபுரம்" என்றாள்.

இதைவிட ஒரு ஆரம்பம் எவனுக்குக் கிடைக்கும்? தட்டில் வைத்து நீட்டினாள் அந்தப் பெண். இந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? பழக்க தோஷத்தில் வாய் தானாகத் திறந்து, கடைக்கு வருகிற நூறு பேரிடம் சொல்கிறதைச் சொன்னது. "ஆ, அதே. வேறே எந்தெங்கிலும் வேணோ?"

ஆமாம், வேறு ஏதாவது வேண்டுமா என்று மலையாளத்தில், கடைச் சிரிப்போடு. அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. தமிழ் என்று காட்டிக்கொள்ளப் பிடிக்காத ஆள் போல என்று நினைத்திருப்பாள். "வேண்டா" என்று அவளும் மலையாளத்திலேயே சொல்லிவிட்டுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாள். அவள் ரோட்டைக் கடக்கிறவரை இவன் சிரித்துக்கொண்டே நின்றான். அப்புறம் கோடவுனுக்குள் போய்த் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனாலும் அவள் நல்லவள். காலையில் எதிரும் புதிருமாக ஷட்டர் தூக்கும்போது ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு, அதை அவள் நிறுத்தவில்லை. பிச்சையா ஆசைப்பட்டது அதற்கு மேல் ஒரே ஒரு படி. கல்யாணம் கார்த்திகை என்றெல்லாம் அவன் யோசிக்கவே இல்லை. "சாப்பிட்டாச்சா?" என்று அவள் கேட்க வேண்டும், "ஆச்சு, புட்டும் கடலையும், நீங்க?" என்று அவன் சொல்ல வேண்டும். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷியிடம் பேசுகிற சாதாரணப் பேச்சு. அது நடந்தால் தன் ஜென்மம் நேராகிவிடும் என்று அவன் நிஜமாகவே நம்பினான். சிரிக்காதீர்கள், சிலருக்கு வாழ்க்கையில் முட்டி நிற்கிற இடம் அவ்வளவு சின்னதாகத்தான் இருக்கும்.

போனில் வீடியோ பார்த்தான். பிடித்தவரிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி என்று மீசை முளைக்காத பயல்கள் எல்லாம் பாடம் எடுக்கிறார்கள். இவன் கோடவுனில் குக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேட்டான். ஒருத்தன் வானிலை பற்றிப் பேசச் சொன்னான். "என்ன வெயில்!" என்று சொல்லத் தயாராகி ஷட்டர் தூக்க வந்தால் அன்றைக்குப் பார்த்து மேகம் கவிந்து கிடந்தது. இன்னொருத்தன் சொன்னது மனசில் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு ஒரு சின்ன உதவி செய்யுங்கள், அப்புறம் பேச்சு தானாக வரும்.

தானாக வரும். அந்த வார்த்தைதான் இவனைக் கெடுத்தது.

மாசி பிறந்தது. ஆற்றுக்கால் பொங்காலை நெருங்கினால் அந்த ஊரில் ரோடு என்று ஒன்று இருக்காது, எல்லாம் அடுப்புதான். லட்சக்கணக்கில் பெண்கள் வந்து, கோயிலைச் சுற்றி மைல் கணக்கில் தெருவிலும் சந்திலும் மூன்று செங்கல் வைத்து, மண்பானையில் அம்மனுக்குப் பொங்குவார்கள். ஆண்களுக்கு அங்கே வேலை தண்ணீர் சுமப்பதும் மோர் கலக்குவதும் மட்டும்தான். முன்கூட்டியே கல்லை வைத்து, சாக்பீஸால் பேர் எழுதி இடம் பிடித்துவிட வேண்டும். பேர் எழுதாத கல் எவளும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிடக்கிற கல்.

கண்ணாடிக்கடையில் திவ்யலட்சுமியோடு வேலை பார்க்கிற ஸ்மிதா மண்சட்டி வாங்க வந்தாள். மலையாளத்துக்காரப் பெண், வாய் ஓயாது. ஹாஸ்டலில் எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள், திவ்யாவுக்கு மட்டும் இந்த வருஷம் பொங்கியே ஆக வேண்டிய நேர்ச்சை, அம்மனுக்கு வேண்டுதல், ஆனால் இடமே கிடைக்கவில்லை, போன தடவை கிள்ளிப்பாலத்தில் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து பொங்கினாள் பாவம் என்று அவள் மூச்சு விடாமல் சொன்னாள்.

"எங்க வீட்டு முன்னால இடம் இருக்கு" என்று பிச்சையா சொல்லிவிட்டான். சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்கே சந்தேகம். ஸ்மிதா துள்ளினாள். இப்போதே போய்ச் சொல்கிறேன் என்றாள். "வேண்டாம், வேண்டாம், நானே சொல்லிக்கிடுகேன்" என்று தடுத்தான்.

மத்தியானம் சட்டையைச் சரி செய்துகொண்டு ரோட்டைக் கடந்தான். கண்ணாடிக் கதவைத் தள்ளினான். திவ்யலட்சுமி தனியாகத்தான் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள், என்ன என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள். சொல்ல வேண்டியது ஒரே வரி. எங்க வீட்டு முன்னால இடம் இருக்கு, வாங்க.

"கண்ணாடி தொடைக்கிற துணி கெடைக்குமா?" என்று கேட்டான்.

கண்ணாடியே போடாத ஆள். அவள் அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். நீலத்தில் ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஏதோ சாதித்துவிட்ட மாதிரி வேகமாக வெளியே வந்தான். சாயங்காலம் ஸ்மிதாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்: திவ்யாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், வலியசாலைக் கோயிலுக்குப் பின் சந்து, நீல கேட்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொங்காலைக்கு முந்தின நாள் காலை நல்ல செங்கலாக மூன்று பார்த்து எடுத்து வந்தான். வாசலில் அம்மாவின் அடுப்புக்கு வலதுபக்கம், பந்தல் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தான். அங்கே வைத்தால் பத்து மணி வெயில் அவள் முகத்தில் படாது. யாரும் எடுத்துவிடக் கூடாது என்று கல்லில் பேரும் எழுதினான். ஒரு கல்லில் தமிழில், ஒரு கல்லில் மலையாளத்தில், மூன்றாவதில் மறுபடியும் தமிழில். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. எழுந்து நின்று பார்த்து, ரசித்துவிட்டுக் கடைக்குப் போனான்.

இப்போது அந்தச் சந்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரியின் அடுப்புக்கு வலதுபக்கத்து அடுப்பு மருமகளுடையது. நிச்சயமான பெண் என்றாலும் அங்கேதான் உட்காருவாள். கோயில் அடுப்பில் மூட்டின தீ கைமாறிக் கைமாறி ஊர் முழுக்க வரும்போது, மாமியார் தன் அடுப்பிலிருந்து எடுத்து மருமகள் அடுப்பில் வைப்பாள். அப்படித்தான் எல்லா வீட்டிலும். முத்தாரம்மாளுக்கு வலதுபக்கம் வருஷா வருஷம் காலியாகக் கிடந்தது. வெளியூர்ப் பெண்கள் எத்தனை பேர் வந்து கெஞ்சினாலும் அவள் அந்த இடத்தைக் கொடுத்ததில்லை. பொங்காலை அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஓடிக்கொண்டிருக்கிற ஆண்பிள்ளை இதையெல்லாம் எங்கே கண்டான்? நல்ல நிழல் சும்மா கிடக்கிறது என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஏன் சும்மா கிடக்கிறது என்று ஒரு வார்த்தை அம்மாவிடம் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம்தான் அந்த வீட்டில் கிடையாதே.

முத்தாரம்மாள் வாசல் தெளிக்க வந்தாள். கல்லைப் பார்த்தாள். பேரைப் படித்தாள். மகனுடைய கையெழுத்து. தண்ணீர் வாளியை அப்படியே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை வருஷத்து ஏக்கம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், அடுத்த பஸ்ஸில் கிழக்கேகோட்டை போய், கசவு என்கிற சரிகைக்கரை போட்ட சேலை ஒன்று எடுத்து வந்தாள். மகனுக்குப் போன் பண்ணி, இது யாரடே என்று கேட்டாளா? கேட்கவில்லை. மகனே எழுதி வைத்துவிட்டான், இனி கேட்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் பிச்சையா சந்துக்குள் நுழையும்போதே எதிர்வீட்டு சூடாமணி மாமி பிடித்துக்கொண்டாள். "ஏண்டா பிச்சை, கமுக்கமா இருந்துண்டு காரியத்தை முடிச்சுட்டயே! திவ்யலட்சுமியாமே? பேரே லட்சணமா இருக்கு. பொண்ணு என்ன பண்றா?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. கல்லில் எழுதின பேரை வைத்துச் சந்தே கல்யாணம் பேசுகிறது என்று விளங்கியதும், "இல்ல மாமி, அது வந்து..." என்று இழுத்தான். "வெக்கத்தைப் பாரு!" என்று மாமி கன்னத்தில் தட்டினாள். இரண்டு வீடு தள்ளி நின்ற பெண்கள் சிரித்தார்கள். உள்ளே போனால் அம்மா பால்பாயசம் வைத்திருந்தாள். அப்பாவின் படத்துக்குப் புது மாலை. மேசைமேல் சேலைப் பொட்டலம். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் அப்பா போன பிறகு பார்த்ததில்லை.

அப்போதுகூட நேரம் இருந்தது. "அம்மா, நீ நெனைக்க மாதிரி இல்ல" என்று ஒரு வரி. ஈரத்துணியால் கல்லில் ஒரு துடை. ஸ்மிதாவுக்கு ஒரு போன். எதையும் அவன் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. உண்மை என்னவென்றால், அது அவனுக்குப் பிடித்திருந்தது. அவன் பேரையும் அவள் பேரையும் சேர்த்துச் சந்து முழுக்கப் பேசுகிறார்கள், ஒருத்தரும் கேலியாகக் கை நீட்டவில்லை. ஒரு சாயங்காலமாவது அது நிஜமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தான். பாயசத்தை வாங்கிக் குடித்தான். இன்னும் கொஞ்சம் கேட்டான். பொல்லாத மனுஷன்.

விடிந்தது. சந்து முழுக்க அடுப்பு, பானை, தென்னம்பாளைக் கட்டு, பெண்கள். திவ்யலட்சுமி மண்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோளில் பையோடு, நீல கேட்டைத் தேடி வந்தாள். தலைக்குக் குளித்து ஈர முடியை முடிந்திருந்தாள். பிச்சையா மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவள் சிரித்த முகத்தோடுதான் வந்தாள்.

"அம்மா, நான் ஒங்க மகன் கடைக்கு எதிர்க் கண்ணாடிக்கடையில வேல பாக்கேன். இங்க எடம் இருக்குன்னு ஸ்மிதா சொன்னா..."

"வா மக்களே, வா வா, ஒனக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று முத்தாரம்மாள் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போய் அடுப்பைக் காட்டினாள். திவ்யலட்சுமி குனிந்து பார்த்தாள். மூன்று கல்லிலும் தன் பேர். சிரிப்பு அப்படியே நின்றது. அதற்குள் முத்தாரம்மாள் சேலையைத் தட்டில் வைத்துப் பூவோடு நீட்டினாள். சூடாமணி மாமி எதிர்ப்பக்கமிருந்து, "நன்னா இருக்கா பொண்ணு! எப்போ நாள் குறிக்கப் போறேள்?" என்று கூவினாள். அக்கம்பக்கத்துத் தலை அத்தனையும் திரும்பியது.

திவ்யலட்சுமி மெல்ல நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் இருந்தவன் சட்டென்று பின்வாங்கினான். பின்வாங்கினானே பாவி! இறங்கி ஓடி வந்திருக்க வேண்டிய நேரம் அது.

அவள் திரும்பிப் போகப் பார்த்தாள். எங்கே போவது? சந்தின் வாய்வரை அடுப்பு, அதைத் தாண்டி மெயின் ரோடு நெடுக அடுப்பு. காலை வைக்க இடமில்லை. மேற்கே குரவைச் சத்தம் கிளம்பியது. தீ வந்துகொண்டிருந்தது. எரிகிற பாளை கைமாறிக் கைமாறி வந்து முத்தாரம்மாளின் அடுப்பில் பிடித்தது. அவள் அதிலிருந்து ஒன்றை எடுத்து, இத்தனை வருஷம் காத்திருந்த கையோடு, வலதுபக்கம் நீட்டினாள். அம்மன் தீயை யார் வேண்டாம் என்பார்கள்? திவ்யலட்சுமி வாங்கிக்கொண்டாள். சந்தில் பெண்கள் குரவையிட்டார்கள்.

மத்தியானம் நைவேத்தியம் ஆகிறவரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் அசைத்தாள். பானை பொங்கி வழிந்தபோது கையெடுத்துக் கும்பிட்டாள், கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அன்றைக்குப் புகையில் எல்லார் கண்ணிலும்தான் நீர் இறங்கியது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. பிச்சையா மற்ற ஆண்களோடு பின்வாசல் வழியாகத் தண்ணீர் சுமந்தான். முன்வாசல் பக்கம் தலை காட்டவில்லை.

பூசாரி வந்து தீர்த்தம் தெளித்துப் போன பிறகு, கை கழுவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அவள் பின்வாசலுக்கு வந்தாள். குழாயடியில் அவன் குடத்தோடு நின்றான். இருவரும் தனியாக, நேருக்கு நேர். இத்தனை நாள் வேண்டிக்கொண்டது இதைத்தான்.

அவள் கையை நிதானமாகக் கழுவினாள். பிறகு தமிழில் பேசினாள்.

"ஒங்களுக்கு எம்மேல ஒரு இது உண்டுன்னு எனக்குத் தெரியும். கண்ணாடி போடாதவரு தொடைக்கிற துணி வாங்கிட்டுப் போனீங்கள்லா, அன்னைக்கே தெரியும். எனக்குச் சிரிப்பா வந்துது. நல்ல மனுஷன், கூச்சம், இன்னைக்கு நாமளே பேசுவோம்னுதான் வந்தேன்."

அவன் குடத்தைக் கீழே வைத்தான்.

"ஊர்ல எனக்கு ஒரு நிச்சயம் நடந்து நின்னு போச்சு. அவங்க சொன்ன காரணம் ஒண்ணு, ஊரு சொன்ன காரணம் ஒம்பது. எங்க போனாலும் எம்பேரச் சொல்லிச் சிரிப்பாங்க. அது வேண்டாம்னுதான் இங்க வந்து ஹாஸ்டல்ல கெடக்கேன். இங்க எம்பேரச் சொல்லிச் சிரிக்க ஆளு இல்லன்னு நிம்மதியா இருந்தேன்."

பேரைச் சொல்லிச் சிரிக்கிறது என்றால் என்ன என்று அந்த ஊரில் அவனைவிடத் தெரிந்தவன் யார்? அது அவன் நெஞ்சில் நேராகப் போய்க் குத்தியது. அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரு பாக்க எம்பேர எழுதத் தெரிஞ்சுது. எங்கிட்ட வந்து, ஒன் பேரு என்னன்னு கேக்கத் தெரியலயே ஒங்களுக்கு."

சொல்லிவிட்டுப் போனாள். கசவுச் சேலையை நாற்காலியில் மடித்து வைத்திருந்தாள். முத்தாரம்மாளிடம், "ஒங்க மேல ஒரு வருத்தமும் இல்லம்மா. நான் இந்த வீட்டுக்கு வரப்போற பொண்ணு இல்ல. ஒங்க மகன் எங்கிட்ட இதப்பத்தி ஒரு வார்த்த பேசினதே இல்ல" என்று மெதுவாகச் சொல்லி, சூடான பானையைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போனாள்.

முத்தாரம்மாள் சேலையை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு வீடு வீடாகப் போய், "எம் மகன் ஒரு பிள்ளைக்கு உதவி செய்தான், நாந்தான் கிறுக்குப் பிடிச்சுத் தப்பா நெனச்சுப்புட்டேன், அந்தப் பிள்ள மேல ஒரு சொல்லு வரப்பிடாது கேட்டேளா" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தவள் மகனை நிமிர்ந்து பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நேராகக் கேட்டாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லாடே?"

பொழுது சாய்கிற நேரத்தில் கார்ப்பரேஷன் லாரி வந்தது. பொங்கி முடித்த கல்லை எல்லாம் வீடில்லாதவர்களுக்கு வீடு கட்ட அள்ளிக்கொண்டு போவார்கள். பிச்சையா ஓடிப் போய் வலதுபக்கத்து மூன்று கல்லையும் ஈரத்துணியால் துடைத்தான். கரி ஏறியிருந்ததே தவிர சாக்பீஸ் எழுத்து செங்கல்லின் சொரசொரப்பில் ஏறி அப்படியே இருந்தது. துடைத்தான், தேய்த்தான், நகத்தால் சுரண்டினான். லாரியில் வந்த பெண், "மதி சேட்டா, விடு" என்றாள். போதுமாம். அவன் கையிலிருந்து வாங்கி மற்றக் கல்லோடு போட்டாள்.

மறுநாள் காலை அவன் ஷட்டரைத் தூக்கினான். எதிரே அவளும் தூக்கினாள். தலையசைப்பு இல்லை. பிரேம்களைத் துடைத்தாள். எதையும் எடுத்து மாட்டிப் பார்க்கவில்லை.

பிச்சையா வீடியோ எதையும் பார்க்கவில்லை, சட்டையைச் சரி செய்யவில்லை. ரோட்டைக் கடந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றான். இந்தத் தடவை வாய் திறந்தது.

"எம்பேரு பிச்சையா. ஒங்ககிட்ட நேரா வந்து பேசியிருக்கணும். பேசல. அம்மைக்கு ஒண்ணும் தெரியாது. முந்தின நாளே விஷயம் எனக்குத் தெரிஞ்சுது, நான்தான் சும்மா இருந்துட்டேன். அது பெரிய தப்பு. என்ன மன்னிச்சிருங்க."

முப்பத்தாறு வருஷத்தில் அவன் தன் பேரைத் தானாகச் சொல்லித் தொடங்கிய முதல் பேச்சு. ஒரு சொல் தட்டவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அவள் கையிலிருந்த துணியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்து அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"சாரமில்லா, சேட்டா" என்றாள். பரவாயில்லையாம். கோபமே இல்லாத குரல். பிறகு, கடைக்கு வருகிற நூறு பேரிடம் கேட்கிற மாதிரியே கேட்டாள். "வேறே எந்தெங்கிலும் வேணோ?"

அந்தச் சிரிப்பைப் பிச்சையாவுக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்ணும் வேண்டாம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அவன் ரோட்டைக் கடந்து தன் கடைக்கு வந்தான்.